ஃபுளோரைடு 1.4, 'பெர்மிசிபிள் லிமிட்டுக்குள்ள'ன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. குடிக்கலாமா?

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்து கிராமத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். அவங்க ஊர் ஓவர்ஹெட் டேங்க்ல ஒகேனக்கல் தண்ணியும் ஏறுது, பஞ்சாயத்து போர் தண்ணியும் ஏறுது. வீட்டுக் குழாயில புடிச்சு லேப்ல கொடுத்ததுல ஃபுளோரைடு 1.4, நைட்ரேட் 38, மொத்த கடினத்தன்மை 420, டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்கற உப்புங்களோட மொத்த அளவு) 780ன்னு வந்திருக்கு, எல்லாமே பெர்மிசிபிள் லிமிட்டுக்குள்ளன்னு கீழ எழுதியிருக்காங்க. பக்கத்து வீட்டுக்காரர் டிடிஎஸ் மீட்டர விட்டுப் பாத்துட்டு ஆர்ஓ போட்டா எல்லாம் சரியாயிடும்னு சொல்றாராம். வீட்ல நாலு வயசுப் பையன், முட்டி வலியோட அம்மா. இதான் விஷயம்.

தம்பி, முதல்ல நேரடியா சொல்லிடறேன். அந்தத் தண்ணிய பையனுக்குக் குடிக்கவும் கொடுக்காதீங்க, அதுல சமைக்கவும் வேணாம். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ தாராளமா பயன்படுத்தலாம், ஃபுளோரைடு தோல் வழியா உள்ள போற சமாச்சாரம் இல்ல. லிமிட்டுக்குள்ளன்னு எழுதியிருக்கிற தண்ணிய ஏன் வேணாங்கிறேன்னா அதுக்கு அந்த ரிப்போர்ட்ட எப்படிப் படிக்கணும்னு சொன்னாதான் புரியும், நான் ரொம்ப வருஷம் தண்ணி டெஸ்டிங் லேப்ல இருந்தவன், இப்போ கிராமங்கள்ல பொம்பளைங்களுக்கு ஃபீல்டு டெஸ்ட் கிட் (ஊர்லயே தண்ணிய சோதிச்சுப் பாக்கற பெட்டி) பயிற்சி கொடுக்கறேன், எல்லாரும் மாட்டிக்கிற இடம் இதேதான்.

நம்ம நாட்ல குடிநீருக்கான தரம் ஐஎஸ் 10500ங்கிற பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) ஸ்டாண்டர்டு, இப்ப நடைமுறைல இருக்கறது 2012ல வந்தது, அப்புறமும் சில திருத்தம் பண்ணியிருக்காங்க. அதுல ஒவ்வொரு பொருளுக்கும் ரெண்டு காலம், அதாவது அட்டவணைல ரெண்டு பத்தி இருக்கும். முதல் காலம் அக்செப்டபிள் லிமிட், ஏத்துக்கலாம்கிற அளவு. ரெண்டாவது காலத்தோட முழுப் பேரு "வேற தண்ணி ஆதாரம் இல்லாத பட்சத்துல பெர்மிசிபிள் லிமிட்". அந்த முன்பாதிய யாரும் வாசிக்கறதே இல்ல, ரிப்போர்ட்லயும் பல லேப்ல சுருக்கி பெர்மிசிபிள்னு மட்டும் அடிச்சுடறாங்க. ஃபுளோரைடுக்கு முதல் காலம் லிட்டருக்கு 1.0 மில்லிகிராம், ரெண்டாவது காலம் 1.5. வேற வழியே இல்லாத ஊருக்கு, தாகத்துல சாகறதுக்கு பதில் 1.5 வரைக்கும் பொறுத்துக்கலாம்னு விட்ட இடம் அது. உங்க ஊருக்கு வேற ஆதாரம் இருக்குதே! ஒகேனக்கல் தண்ணி அதே டேங்க்லதான் ஏறுது. அப்போ உங்களுக்குப் பொருந்தறது 1.0, உங்க தண்ணி 1.4, அதாவது தாண்டியிருக்கு. அவ்ளோதான்.

சரி, 1.5ங்கிற நம்பர் எங்கிருந்து வந்துச்சு? உலக சுகாதார நிறுவனத்தோட வழிகாட்டு அளவும் அதேதான். ஆனா அவங்களே சேர்த்து ஒண்ணு சொல்றாங்க, ஒவ்வொரு நாடும் தங்க ஜனங்க எவ்ளோ தண்ணி குடிக்கறாங்க, சாப்பாட்டு வழியா எவ்ளோ ஃபுளோரைடு உள்ள போகுதுன்னு பாத்துதான் அவங்கவங்க அளவ வச்சுக்கணும்னு. குளிர் நாட்டுல ஒரு ஆள் ரெண்டு லிட்டர் குடிச்சா அதிகம். நம்ம பக்கம் ஏப்ரல் மே வெயில்ல மாந்தோப்புல காய் பறிக்கிறவரு, புளி உலுக்கறவரு, கல் குவாரில நிக்கிறவரு அஞ்சு லிட்டர் சாதாரணமா குடிப்பாங்க. 1.4ன்னா அஞ்சு லிட்டருக்கு 7 மில்லிகிராம். எல்லா வழியிலயும் சேர்ந்து ஒரு நாளைக்கு 6 மில்லிகிராமுக்கு மேல தொடர்ந்து வருஷக்கணக்கா உள்ள போனா எலும்புல பாதிப்பு வர வாய்ப்பு கூடுதுன்னும், 14ஐத் தொட்டா பாதிப்பு வருதுங்கிறதுக்குத் தெளிவான ஆதாரம் இருக்குன்னும் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கு. இதுல களி கிண்டற தண்ணி, சோறு வடிக்கற தண்ணி, குழம்பு, டீ எல்லாம் சேர்க்கவே இல்ல, டீத்தூள்லயே ஃபுளோரைடு உண்டு. அதனாலதான் சமையலுக்கும் வேணாம்னு சொன்னேன், நம்ம சாப்பாடு முக்காவாசி தண்ணிய உறிஞ்சற சாப்பாடு. கொதிக்க வச்சா போயிடும்னு நெனைக்கறவங்க நிறைய பேர், ஆனா ஃபுளோரைடு ஆவியாகாது, தண்ணிதான் ஆவியாகும், மிச்சத்துல ஃபுளோரைடு இன்னும் கெட்டியாயிடும். நைட்ரேட்டும் அதே கதைதான்.

பையன் விஷயத்துல அவசரப்படுத்தறதுக்குக் காரணம் இருக்கு. ஃபுளோரைடால பல்லுல வர்ற கறை, பல் ஈறுக்குள்ள உருவாகிக்கிட்டு இருக்கும்போதே விழற கறை. நிலைப்பல்லோட எனாமல் பொறந்ததுல இருந்து சுமார் எட்டு வயசு வரைக்கும் உள்ளயே உருவாகும், அந்த நேரத்துல போற ஃபுளோரைடுதான் பின்னாடி வெள்ளைத் திட்டா, பழுப்புக் கோடா வெளிய தெரியும். வந்த பிறகு தேய்ச்சாலும் போகாது. நாலு வயசுல தண்ணிய மாத்தினா இனிமே உருவாகப் போற பல்லயாவது காப்பாத்தலாம், எட்டு வயசுல மாத்தினா பல்லுக்குப் பிரயோஜனம் இல்ல, எலும்புக்கு மட்டும்தான். நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் பொண்ணு பாக்கப் போற இடத்துல பல்லப் பாத்துட்டு எழுந்து வந்த கதை எத்தனையோ இருக்கு. அந்தப் புள்ளைங்க ஒரு தப்பும் பண்ணல, அவங்க குடிச்ச போர் தண்ணிதான் காரணம்.

இது ஏன் நம்ம பக்கம் இவ்ளோ இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடறேன், ஏன்னா எந்தத் தண்ணிய சந்தேகப்படணும்னு இதுலதான் தெரியும். தருமபுரி கிருஷ்ணகிரிக்கு அடியில இருக்கறது ரொம்பப் பழைய கடினப் பாறை, கிரானைட்டு, நைஸு, சார்னோக்கைட்டு. அதுல இருக்கற அபடைட்டு, கருப்பு அபிரகம் மாதிரி கனிமங்கள்ல ஃபுளோரைடு இருக்கு. மழைத் தண்ணி பாறை வெடிப்புல எறங்கி வருஷக்கணக்கா உள்ளயே கெடக்கும்போது அது கரைஞ்சு சேருது. ஆழம் கூடக்கூட தண்ணி பாறையோட இருந்த காலமும் கூடும், அதனால 60 அடி கெணத்துல இல்லாத ஃபுளோரைடு 800 அடி போர்ல இருக்கலாம். பழைய கெணறுங்க வத்திப்போயி எல்லாரும் ஆழ்துளைக்குப் போனப்புறம் இந்தப் பிரச்சன பெருசானதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்னொண்ணு, பலபேர் நம்பவே மாட்டாங்க: தண்ணில கால்சியம் நிறைய இருந்தா அது ஃபுளோரைடப் புடிச்சுக்கிட்டு கால்சியம் ஃபுளோரைடா படிஞ்சுடும், அதனால ஃபுளோரைடு ரொம்ப ஏற முடியாது. கால்சியம் கம்மியா, சோடியமும் பைகார்பனேட்டும் அதிகமா இருக்கற தண்ணிலதான் அது நல்லா ஏறும். அதாவது உப்புக் கரிக்காம, சோப்பு நல்லா நுரைக்கிற, வாய்க்கு நல்லா இருக்கற போர் தண்ணிதான் சில சமயம் மோசமான தண்ணி. நாக்க வச்சு ஃபுளோரைடக் கண்டுபிடிக்க முடியாது, நிறம் கெடையாது, வாசனை கெடையாது.

இப்போ பக்கத்து வீட்டு டிடிஎஸ் மீட்டருக்கு வருவோம். அந்த மீட்டர் அளக்கறது தண்ணி எவ்ளோ கரண்ட்ட கடத்துதுங்கிறத மட்டும்தான், அத ஒரு எண்ணால பெருக்கி டிடிஎஸ்னு காட்டும். 780ல 1.4ங்கிறது எந்த மூலைக்கு? ஃபுளோரைடு 0.4 ஆனாலும் 4 ஆனாலும் அந்த மீட்டர்ல ஒரு வித்தியாசமும் தெரியாது. பாக்டீரியாவும் அதுல தெரியாது, சாக்கடை கலந்த தண்ணி கூட டிடிஎஸ் 300ன்னு அழகாக் காட்டும். டிடிஎஸ்க்கு அக்செப்டபிள் 500, மாத்து இல்லன்னா 2000, அது பெரும்பாலும் ருசி சம்பந்தப்பட்ட அளவு. கடினத்தன்மைக்கு 200, 600. உங்களோடது 420, ஹீட்டர்ல வெள்ளையாப் படியும், பருப்பு வேக லேட்டாகும், உடம்புக்குன்னு பயப்பட ஒண்ணுமில்ல. இந்த ரெண்டையும் வச்சுதான் ஆர்ஓ விக்கறாங்க, ஆனா நம்ம ஊர்ல கவலைப்பட வேண்டியது வேற ரெண்டு மூணு.

ஆர்ஓ வேணாம்னு சொல்ல வரல. நல்ல மெம்பரேன் (உள்ள இருக்கற வடிகட்டுற சவ்வு) இருந்தா ஃபுளோரைடுல பத்துக்கு ஒம்போது பங்கு எடுத்துடும். ஆனா மெம்பரேன் பழசானா எடுக்கறது குறைஞ்சுக்கிட்டே வரும், 4 மில்லிகிராம் இருக்கற போர் தண்ணிய அறுபது சதவீதம்தான் எடுக்குற மெம்பரேன்ல விட்டா வெளிய வர்றது 1.6. அப்புறம் வீட்டு மெஷின்கள்ல டிடிஎஸ் கண்ட்ரோலர்னு ஒரு வால்வு வச்சிருப்பாங்க, தண்ணி சப்புன்னு இருக்குன்னு சொன்னா சர்வீஸ் பையன் அதத் திருப்பி விட்டுட்டுப் போயிடுவாரு. அது என்ன பண்ணுதுன்னா மெம்பரேன் வழியாப் போகாத தண்ணிய கொஞ்சம் சுத்தமான தண்ணியோட கலக்குது, ஃபுளோரைடும் அதோட திரும்ப வந்துடுது. நம்ம மாவட்டத்துல ஆர்ஓ வாங்கறவங்க அந்த வால்வ முழுசா மூடி வைக்கச் சொல்லணும். யூவி, யூஎஃப் மட்டும் இருக்கற மெஷின், மெழுகுவர்த்தி ஃபில்டர், கரி ஃபில்டர் இதெல்லாம் ஃபுளோரைடத் தொடவே தொடாது. ஆர்ஓல கழிஞ்சு வர்ற தண்ணில ஃபுளோரைடு கூடுதலா இருக்கும், தரை தொடைங்க, கக்கூசுக்கு ஊத்துங்க, மாட்டுக்கு மட்டும் வைக்காதீங்க, மாட்டுக்கும் பல்லு எலும்பு பாதிக்கும். இந்தியாவுல மனுசங்களுக்கு ஃபுளோரைடால வர்ற இந்தப் பல்லு எலும்பு நோய், ஃபுளோரோசிஸ், இருக்குன்னு 1937ல பழைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பக்கம்தான் முதல்ல பதிவாச்சு, அதுக்கு முன்னாடியே மாடுங்க நொண்டறத விவசாயிங்க கவனிச்சிருந்தாங்க. காசு போட்டுப் புடிக்கிற ஊர் ஆர்ஓ பிளாண்ட்டா இருந்தா, மெம்பரேன் எப்ப மாத்துனீங்க, வெளிய வர்ற தண்ணியோட ஃபுளோரைடு ரிப்போர்ட் எங்கன்னு ரெண்டு கேள்வி கேளுங்க.

ஆனா உங்க வீட்டுக்கு நான் முதல்ல சொல்றது ஆர்ஓ இல்ல, அந்த டேங்க்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம்னுதான் அதோட முழுப் பேரு. ஜப்பான் அரசோட ஜைக்கா நிறுவனம் கொடுத்த கடன்ல, குடிநீர் வடிகால் வாரியம் கட்டுனது, 2008ல அடிக்கல் நாட்டி 2013ல தொறந்தாங்க. காவிரித் தண்ணிய மேல ஏத்தி ரெண்டு மாவட்டத்துக்கும் கொண்டு வர்றதே, போர் தண்ணியக் குடிக்கறத நிறுத்தணும்னுதான். அதக் கொண்டாந்து போர் தண்ணியோட ஒரே டேங்க்ல ஊத்தினா திட்டத்தோட நோக்கமே பாதி போச்சு. ஆபரேட்டரத் திட்டியும் பிரயோஜனம் இல்ல, ஒகேனக்கல் தண்ணி கம்மியா வர்ற நாள்ல ஜனங்க தண்ணி வரலன்னு சத்தம் போடுவாங்க, அவரு போர் மோட்டார போட்டுவிடுவாரு. கணக்கு மட்டும் பாருங்க. காவிரித் தண்ணில 0.4, போர்ல 3 இருக்குன்னு வச்சுக்கங்க. பாதிக்குப் பாதி கலந்தா 1.7. முக்காப் பங்கு காவிரி, காப்பங்கு போர்னா 1.05. எந்த நாள்ல எவ்ளோ கலக்குதுங்கிறதப் பொறுத்து உங்க குழாய்த் தண்ணி நாளுக்கு நாள் மாறும், உங்க 1.4 அந்த ஒரு நாளோட நம்பர் மட்டும்தான்.

அதனால அடுத்த தடவ டெஸ்ட் கொடுக்கும்போது மூணு சாம்பிளா கொடுங்க: போர்ல நேரா புடிச்சது, டேங்க்ல ஏறுற எடத்துல ஒகேனக்கல் லைன்ல புடிச்சது, உங்க வீட்டுக் குழாயில புடிச்சது. மூணு நம்பரும் கையில இருந்தா பஞ்சாயத்துல பேசறதுக்கு வேற எதுவும் வேணாம். ரெண்டு மாவட்டத் தலைநகர்லயும் குடிநீர் வடிகால் வாரியத்தோட லேப் இருக்கு, ஜல் ஜீவன் திட்டம் வந்தப்புறம் பொதுமக்களும் குறைஞ்ச கட்டணத்துல சாம்பிள் கொடுக்கலாம்னு தொறந்து விட்டிருக்காங்க. தனியார் லேப்னா என்ஏபிஎல் (லேப்களுக்குக் கொடுக்கற தேசிய அங்கீகாரம்) இருக்கான்னு பாருங்க, அதுவும் ஃபுளோரைடு டெஸ்ட்டுக்கு இருக்கான்னு பாருங்க, வேற எதுக்கோ வாங்கிட்டு எல்லாத்துக்கும் முத்திரை போடற எடமும் உண்டு.

சாம்பிள் புடிக்கறதுல பாதி ரிப்போர்ட் கெட்டுப்போகுது. கெமிக்கல் டெஸ்ட்டுக்கு சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில் போதும், கூல்டிரிங்க்ஸ் பாட்டில் வேணாம், குழாயத் தொறந்து ரெண்டு மூணு நிமிஷம் ஓட விட்டு அதே தண்ணில மூணு தடவ அலசிட்டு ஒரு லிட்டர் புடிங்க. பாக்டீரியா டெஸ்ட்டுக்கு அந்த பாட்டில் ஆகாது, லேப்லயே ஸ்டெரிலைஸ் பண்ணின பாட்டில் கொடுப்பாங்க, உள்ள கொஞ்சம் தயோசல்ஃபேட்டு போட்டிருப்பாங்க, குளோரின அடக்கறதுக்கு, அத அலசிடாதீங்க. மூடியோட உள்பக்கம் கை படக்கூடாது, ஐஸ் வச்ச டப்பால போட்டு அன்னைக்கே கொண்டு போயிடணும், 24 மணி நேரத்துக்கு மேல போனா அந்த ரிசல்ட்ட நம்ப முடியாது.

பாக்டீரியாவ ஏன் இழுக்கறேன்னா, உங்க ரிப்போர்ட்ல அந்த வரியே இல்ல! எனக்கு அதப் பாத்ததும் அதுதான் முதல்ல உறுத்துச்சு. ஃபுளோரைடு பத்து வருஷத்துல பண்றத மலத்துல இருந்து வர்ற ஈ-கோலிங்கிற பாக்டீரியா பத்து மணி நேரத்துல பண்ணிடும். ஸ்டாண்டர்டுல அதுக்கு ரெண்டு காலமெல்லாம் கெடையாது, 100 மில்லில ஒண்ணுகூட இருக்கக்கூடாது. ஒகேனக்கல்ல சுத்திகரிச்சு குளோரின் போட்டுத்தான் அனுப்பறாங்க, ஆனா நம்ம ஊருக்கு வந்ததுக்கப்புறம் பைப்புல எப்பவும் தண்ணி இருக்கறதில்ல, ரெண்டு நாளைக்கு ஒருக்கா, மூணு நாளைக்கு ஒருக்கா விடறாங்க. தண்ணி நின்னு பைப்பு காலியாகும்போது உள்ள ஒரு இழுவை வரும், எங்க ஜாயிண்ட் விட்டிருக்கோ அங்க பக்கத்துல ஓடற சாக்கடைத் தண்ணி உள்ள போயிடும். குழாயில நேரா மோட்டார் மாட்டி இழுக்கறவங்க இத இன்னும் மோசமாக்கறாங்க, அவங்க இழுக்கறது அடுத்த தெருவோட சாக்கடையா இருக்கலாம். இதுக்குத் தடுப்பு மீதிக் குளோரின்தான், குழாய் முனையில குறைஞ்சது 0.2 பிபிஎம் (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) இருக்கணும். ஆபரேட்டர்கிட்ட குளோரோஸ்கோப்னு குளோரின் அளக்கற சின்னக் கருவி இருக்கும், ஒரு சொட்டு மருந்து விட்டா மஞ்ச நிறம் வரும், டேங்க்குக்கு அடியில பாக்கச் சொல்லாதீங்க, தெருக்கோடி கடைசி வீட்ல பாக்கச் சொல்லுங்க. 25 சதவீதம் குளோரின் இருக்கற பிளீச்சிங் பவுடர்னா 1000 லிட்டருக்கு 4 கிராம் போட்டா 1 பிபிஎம் வரும், ஆனா மூட்டைய அவுத்து ஈரத்துல மாசக்கணக்கா வச்சிருந்தா அந்த 25 இருக்காது, பவுடர் போட்டேன்னு அவரு சொல்றதும் உண்மையா இருக்கும், குழாயில குளோரின் இல்லாததும் உண்மையா இருக்கும்.

ஃபீல்டு கிட்ல பாக்டீரியா பாக்கக் கொடுக்கற எச்2எஸ் பாட்டில் வீட்லயே வச்சுப் பாக்கலாம், தண்ணி ஊத்தி ஒண்ணு ரெண்டு நாள்ல கருப்பாச்சுன்னா கெட்ட தண்ணி. கிட்ல ஃபுளோரைடு பாக்கும்போது ஒரு ஜாக்கிரதை, பிளீச்சிங் போட்ட உடனே புடிச்ச தண்ணில பாக்காதீங்க, அந்தச் சாயத்த குளோரினும் வெளுக்க வச்சுடும், ரீடிங் தப்பாயிடும்.

நைட்ரேட் 38 பத்தி. அளவு 45, இதுக்கும் தளர்வு கெடையாது. தாண்டல, ஆனா பாறைல இருந்து நைட்ரேட் வராது, யூரியா, எருக்குழி, செப்டிக் டேங்க் இதுல இருந்துதான் வரும், அப்போ அந்த போருக்குள்ள மேல இருந்து ஏதோ எறங்குதுன்னு அர்த்தம். ஆறு மாசத்துக்குள்ள இருக்கற கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலக்க அந்தத் தண்ணி வேணவே வேணாம், அளவு கூடினா ரத்தம் ஆக்சிஜன் சுமக்கறது கெட்டு ஒடம்பு நீலம் பாரிச்சுடும். சில ரிப்போர்ட்ல நைட்ரேட்ட நைட்ரஜனாக் கணக்குப் போட்டிருப்பாங்க, அப்போ அளவு 45 இல்ல, சுமார் 10, எந்தக் கணக்குன்னு கேட்டுக்கங்க. ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணைல நுரை பொங்கறத டிவில பாத்திருப்பீங்க, அந்தப் பக்கம் தென்பெண்ணை ஓரமா போர் வச்சிருக்கறவங்க நைட்ரேட்டோட டிடர்ஜெண்ட்டும் சேர்த்துப் பாக்கணும். கடினப் பாறைப் போர்னா ஒரே ஒரு தடவ யுரேனியமும் பாத்து வச்சுக்கறது நல்லது, அளவு 0.03 மில்லிகிராம். மத்தபடி நாப்பது அம்பது ஐட்டம் பேக்கேஜ்னு சொல்லி ஆயிரக்கணக்குல கேட்டா நம்ம ஊருக்கு அது தேவையில்ல.

ஒண்ணு மனசுல வச்சுக்கங்க, பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணிக்கு ஐஎஸ் 10500 மீறினா தண்டனைங்கிற மாதிரி கட்டாயச் சட்டம் கெடையாது, அது பின்பத்தற தரம், அவ்ளோதான். அமெரிக்காவுல 1974லயே இதுக்கு சட்டம் போட்டு சப்ளை பண்றவங்களப் பொறுப்பாக்கியிருக்காங்க. நம்மகிட்ட அது இல்லாததால கேக்கறவங்க இருக்கற ஊர்லதான் நடக்கும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்துக்கும் கிராம சபை உண்டு, அதுல மூணு ரிப்போர்ட்டையும் வச்சு, ஒகேனக்கல் தண்ணிய தனி நேரத்துல தனியா விடணும், போர் தண்ணிய வேற சின்டெக்ஸ்ல ஏத்தி புழக்கத்துக்கு மட்டும் விடணும்னு தீர்மானமா எழுதச் சொல்லுங்க. வாயால சொல்லிட்டு வந்தா அது காத்தோட போயிடும். அது நடக்கற வரைக்கும் குடிக்க சமைக்க மட்டும் ஆர்ஓ தண்ணி வச்சுக்கங்க, வெயில் காலத்துல ஒண்ணு, மழை முடிஞ்சு ஒண்ணுன்னு வருஷத்துக்கு ரெண்டு தடவ பாருங்க.

அம்மாவோட முட்டி வலிய தண்ணிதான்னு நான் இங்கிருந்து சொல்லக்கூடாது, அந்த வயசுல தேய்மானமும் இருக்கும். கால மடக்காம குனிஞ்சு கட்டைவிரலத் தொட முடியுதா, தாடை நெஞ்சுல படுதா, கைய தலைக்குப் பின்னாடி கொண்டு போக முடியுதான்னு பாருங்க. மூணுல எதுலயாவது இறுக்கமா இருந்தா அரசு மருத்துவமனைல எலும்பு டாக்டர்கிட்ட காட்டி, எந்த ஊர், எத்தன வருஷமா போர் தண்ணி குடிச்சாங்கன்னு நீங்களே எடுத்துச் சொல்லுங்க, யூரின்ல ஃபுளோரைடு பாக்க முடியுமான்னு கேளுங்க, எக்ஸ்ரே எடுக்கும்போது முட்டியோட நிறுத்தாம முன்கையும் சேர்த்து எடுக்கலாமான்னு கேளுங்க, ஃபுளோரைடா இருந்தா முன்கையோட ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்கற சவ்வுல சுண்ணாம்பு படிஞ்சிருக்கறது அந்தப் படத்துலதான் தெரியும்.